ஓமந்தூரார் இடம் நிரப்ப வந்தவரா?

திண்டிவனத்தை அடுத்த ஓமந்தூரில் 1895இல் பிறந்து, 1947 மார்ச் 23 முதல் 1949 ஏப்ரல் 6 வரை சென்னை மாகாணத்தின் பிரதமராக இருந்த ஓ.பி. ராமசாமி ரெட்டியாரைக் குறித்து, அரசியல் மேடைகளிலும் வரலாற்றுச் சுருக்கங்களிலும் ஒரு சித்திரம் நிலைத்துவிட்டது. (மாகாண ஆட்சித் தலைவருக்கு அன்று பிரதமர் என்றே பெயர், 1950இல் அரசியலமைப்பு நடைமுறைக்கு வந்த பின்னரே முதலமைச்சர் என்ற பெயர் வழங்கலாயிற்று.) பிரகாசத்துக்கும் குமாரசாமி ராஜாவுக்கும் இடையே இடம் நிரப்ப வந்தவர், காமராஜர் கை காட்டியதால் ஏறி அவர் கை விட்டதால் இறங்கியவர், ரமணரிடமும் வள்ளலாரிடமும் மனத்தை வைத்துவிட்டுக் கோட்டையில் அமர்ந்திருந்த சாது என்பதே அச்சித்திரம். அதன் ஒவ்வொரு கூறிலும் ஓரளவு உண்மை உண்டு என்பதாலேயே அது இத்தனை காலம் கேள்வியின்றி நீடித்திருக்கிறது.

அவர் சமரச வேட்பாளராக வந்தார் என்பதில் ஐயமில்லை. பிரகாசம் அமைச்சரவை கட்சிக்குள்ளேயே ஆதரவை இழந்தபோது, தமிழ்நாடு காங்கிரஸ் கமிட்டித் தலைவரான காமராஜரின் அணி, கோஷ்டிகளுக்கு அப்பாற்பட்டவர் என்று கருதப்பட்ட தென்னார்க்காட்டுக்காரரை முன்னிறுத்தியது. வழக்கறிஞர் வட்டத்திலிருந்து எழுந்த ராஜாஜி, சத்தியமூர்த்தி, பிரகாசம் முதலியோரின் வரிசைக்கு முற்றிலும் வெளியே, திண்டிவனத்துப் பள்ளிப் படிப்போடும் நில நிர்வாக அனுபவத்தோடும் மாவட்டக் காங்கிரஸ் பணியிலும் சிறையிலும் உருவானவர் அவர். வந்த வழி சமரசம் என்பதால் வந்தவரின் ஆட்சியும் வெறுமை என்று முடிவுகட்டுவது காரணத்தையும் விளைவையும் குழப்புவதாகும்.

கைப்பாவை என்னும் வாதம் தன்னைத்தானே முறித்துக்கொள்கிறது. ஆட்டுவித்தபடி ஆடியவரை, ஆட்டுவித்தவர்களே ஏன் இரண்டே ஆண்டுகளில் இறக்க வேண்டும்? கட்சிக்காரர்களின் சிபாரிசுகளுக்கு இணங்க மறுத்ததும், நியமனங்களிலும் இடமாற்றங்களிலும் சட்டமன்ற உறுப்பினர்களின் குறுக்கீட்டை அனுமதிக்காததும் அவர்மீதான அதிருப்திக்கு முக்கியக் காரணங்கள் என்பது பரவலாக ஏற்கப்பட்ட செய்தி. அதனை ஏற்றுக்கொண்டே அவரைக் கைப்பாவை என்றும் எழுதுவோர் இரண்டில் ஒன்றைக் கைவிட்டாக வேண்டும்.

சாது என்னும் கூற்று இன்னும் பலவீனமானது. நாட்டம் ஆன்மிகத்தில் இருந்ததே தவிர, ஆட்சி அதற்குரிய மென்மையோடு நடக்கவில்லை. திராவிடர் கழகத்தின் கருஞ்சட்டைப் படை 1948இல் தடை செய்யப்பட்டதும், பள்ளிகளில் இந்தி கட்டாயமாக்கப்பட்டதும், அதனை எதிர்த்தோர் கைது செய்யப்பட்டதும், பொது ஒழுங்குச் சட்டத்தின்கீழ்க் கம்யூனிஸ்டுகள் வேட்டையாடப்பட்டதும் இவருடைய காலத்தில்தான். இவற்றைப் புகழுக்குரியவை என்று எவரும் கொள்ள வேண்டியதில்லை. ஆயினும் செயலற்றவரின் பட்டியல் இதுவன்று. மறுபக்கம், 1947 நவம்பரில் திருத்தப்பட்ட வகுப்புவாரி ஆணை, அதாவது அரசுப் பணியிடங்களைச் சமூகவாரியாகப் பங்கிடும் அரசாணை, 14 இடங்களில் பிராமணரல்லாத இந்துக்களுக்கு 6, பிராமணருக்கு 2, ஹரிஜனருக்கு 2, முஸ்லிம்களுக்கு 1, கிறித்தவர் ஆங்கிலோ இந்தியருக்கு 1 என ஒதுக்கியதோடு, பிற்படுத்தப்பட்ட இந்துக்களுக்கு முதன்முறையாகத் தனியே 2 இடங்களை வகுத்தது. கருஞ்சட்டைகளைத் தடை செய்த அதே மனிதரைச் சொந்தக் கட்சியின் எதிரிகள் ‘தாடியில்லாத ராமசாமி’, அதாவது தாடி வைக்காத பெரியார், என்று ஏசியதன் வேடிக்கையை அவரைச் சாதுவாக்குவோர் கவனிப்பதில்லை.

தேவதாசி முறை ஒழிப்பு, கோயில் நுழைவு, மதுவிலக்கு, ஜமீன் ஒழிப்பு என இவர் காலத்தில் வந்த சீர்திருத்தச் சட்டங்கள் யார் இருந்தாலும் வந்திருக்கும், சுதந்திரத்தின் அலையே அவற்றைக் கொண்டுவந்தது என்பதே எஞ்சியவற்றுள் வலுவான வாதம். அது பாதி சரி. ஆனால் காலவரிசை அதற்கு முழுதும் துணை நிற்கவில்லை. தேவதாசி முறைக்கு எதிராக முத்துலட்சுமி ரெட்டி சட்டமன்றத்தில் குரலெழுப்பியது 1920களின் இறுதியில். பெண்களைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டி விடுவதைத் தடை செய்யும் சட்டம் நிறைவேறியது 1947இல். இடையே காங்கிரஸ் ஆட்சியே இரண்டு முறை வந்துபோயிற்று. கோயில் நுழைவைக் குறித்த 1939ஆம் ஆண்டுச் சட்டம் அறங்காவலர் விரும்பினால் திறக்கலாம் என்ற அளவில் நின்றது. 1947ஆம் ஆண்டுச் சட்டமோ அதனை மாகாணம் முழுவதற்குமான உரிமையாக்கியது. சேலத்தில் 1937இல் தொடங்கி, போர்க்காலத்தில் நின்று, பின் பகுதி பகுதியாகப் பரவிய மதுவிலக்கு 1948 அக்டோபர் 2 அன்று மாகாணம் முழுவதையும் எட்டியது. ஜமீன் நிலங்களை ஆராய்ந்த பிரகாசம் குழுவின் அறிக்கை 1938இலேயே வெளிவந்திருந்தும், ஜமீன், இனாம் எஸ்டேட்டுகளை ஒழித்து அவற்றை ரயத்துவாரியாக, அதாவது நிலமுடையோரிடம் அரசே நேரடியாக வரி பெறும் முறைக்கு, மாற்றும் சட்டம் 1948இல்தான் இயற்றப்பட்டது. அலை எல்லோருக்கும் பொதுவாக இருந்ததென்றாலும், ஒரு பத்தாண்டு கிடந்த கோப்புகள் இரண்டாண்டில் நகர்ந்ததற்கு அலை மட்டும் விளக்கமாகாது.

அவரை உண்மையாகவே குறை காண விரும்புவோர் தேட வேண்டிய இடம் அந்த 1948ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே இருக்கிறது. பெரும் ஜமீன்கள் வடசர்க்கார் மாவட்டங்களிலும் ராமநாதபுரம், மதுரை, திருநெல்வேலிப் பக்கங்களிலும் இருந்தன. அவருடைய தென்னார்க்காடோ பெரும்பாலும் ரயத்துவாரிப் பகுதி. ஆகவே நிலமுடைய ரெட்டியார்களும் முதலியார்களும் காங்கிரசைத் தாங்கிய திண்டிவனம், விழுப்புரம் வட்டங்களில், அவர்களிடம் குத்தகைக்கும் வாரத்துக்கும் உழுதவனின் நிலையை இச்சட்டம் தொடவேயில்லை. அக்குறையின் அரசியல் விளைவு, வயது வந்த அனைவருக்கும் வாக்குரிமை கிடைத்த 1952 தேர்தலில் தெரிந்தது. தென்னார்க்காட்டு வன்னியர்களிடையே வேரூன்றிய எஸ்.எஸ். ராமசாமிப் படையாச்சியின் தமிழ்நாடு உழைப்பாளர் கட்சி 19 சட்டமன்ற இடங்களை வென்றது. அந்த அலையில் எழுந்த விழுப்புரம் வட்டாரத்து ஏ. கோவிந்தசாமி, பின்னர் தி.மு.க.வில் இணைந்து, 1967இல் அண்ணாவின் அமைச்சரவையில் வேளாண்மைத் துறையை ஏற்றார். பதவி விலகியபின் வடலூரில் சன்மார்க்கப் பணியிலும் கல்விப் பணியிலும் ஈடுபட்டிருந்த ஓமந்தூரார், 1970 ஆகஸ்டில் மறைவதற்குள், தம் மாவட்டத்தின் அரசியல் தம் வகுப்பாரின் கையை விட்டு நழுவியதைக் கண்டிருந்தார்.