திருமண ஒளிப்படமும் ‘கலை’யும்: ஒரு மறுப்பு

திருமண ஒளிப்படம் இன்று கலையாகிவிட்டது என்ற கூற்று எம்மிடையே எவ்வித விசாரணையுமின்றி ஏற்றுக்கொள்ளப்பட்டு வருகின்றது. உறவினரை வரிசையாக நிறுத்தி எடுத்த பழைய குழுப்படம் வெறும் பதிவு என்றும், மாலை வெயிலிற் கடற்கரையோரம் மணமக்கள் இருவரும் நெற்றியோடு நெற்றி சேர்த்து நிற்கும் புதிய படம் படைப்பு என்றும் கூறுவோர் பெருகிவிட்டனர். முன்னதை விரும்புவோர் ரசனையறியாதோர், பின்னதை விரும்புவோர் ரசிகர் என்பது இக்கூற்றின் தொடர்ச்சி. தொழில் நடத்துவோரின் விளம்பரங்களில் மட்டும் இது நின்றிருப்பின் மறுக்க வேண்டிய தேவை எழுந்திராது. அழகியலைப் பாடமாகப் பயிலும் மாணவரும், பயிற்றுவிப்போருட் சிலரும் இதனையே ஒப்புவிப்பதனால் மறுக்க வேண்டியுள்ளது. திருமண ஒளிப்படம் கலையாகக் கூடாது என்பதன்று எமது வாதம். அது இன்னும் கலையாகவில்லை. கலைக்கு நேரெதிரான திசையிலேயே அது நடத்திச் செல்லப்படுகின்றது என்பதே எமது வாதம்.

ஒரு படத்தின் இயல்பை அதன் பார்வையாளர் அதனை எவ்வாறு எதிர்கொள்கின்றனர் என்பதனைக் கொண்டு ஓரளவு அறியலாம். எமது வீடுகளிற் கலியாண அல்பம் பார்க்கப்பட்ட முறையை நோக்குக. வீட்டுக்கு வந்தவருக்குத் தேநீரோடு அல்பமும் கொடுக்கப்படும். அவர் அதனைத் தனியே பார்ப்பதில்லை. வீட்டார் ஒருவர் அருகிலிருந்து விரல் வைத்துக் காட்டுவர். “இவர் ஆர், மாமான்ரை மூத்தவரோ?”, “இவ பிறகு கனடாவுக்குப் போட்டா”, “இவர் இடம்பெயர்ந்து போகேக்கை மோசம் போனவர்” என்று பேச்சு வளரும். படம் அழகாக இருக்கின்றதா என்ற வினா அங்கு எழுவதேயில்லை. முகத்தை இனங்காணல், முறை சொல்லல், இல்லாதவரை நினைத்தல் ஆகிய மூன்றுமே பார்த்தல் என்னும் செயலாக அமைந்தன.

பிரெஞ்சுச் சமூகவியலாளரான பியர் போர்தியு தம் சகாக்களோடு 1965இல் வெளியிட்ட, ‘நடுத்தரமானதொரு கலை’ என்று பொருள்படும் தலைப்புடைய நூலில், தென்மேற்கு பிரான்சின் பெயார்ண் பகுதி விவசாயிகளிடையேயும் இதற்கு ஒப்பானதொரு நிலையைக் காண்கின்றார். அவர்களுக்குத் திருமணக் குழுப்படம் குடும்பத்தின் ஒருமைப்பாட்டைத் தானே தனக்கு உறுதிசெய்துகொள்ளும் ஒரு சாதனம். யார் யாருக்கு என்ன முறை என்பதைப் படிக்கத்தக்க ஒரு சமூக வரைபடம். அவர்கள் படத்தை அதன் பயனைக் கொண்டு மதிப்பிட்டனர், உருவத்தைக் கொண்டன்று. இதனை ரசனைக் குறைவு எனத் தள்ளிவிடும் அழகியல், ஒரு குறிப்பிட்ட வர்க்கத்தின் ரசனையையே மனிதகுல ரசனையாகக் காட்டுகின்றது என்பது போர்தியுவின் ஆய்வினின்று நாம் பெறத்தக்க முடிபாகும்.

இனிப் புதிய படத்தின் பார்வையாளரை நோக்குவோம். அவர் அதனைக் கைத்தொலைபேசியிற் காண்கின்றார். ஓரிரு விநாடி நிற்கின்றார். ஓர் இதயக் குறியை இட்டு நகர்கின்றார். சொற்களில் ஏதேனும் கூற முற்படுவாராயின் “படம் மாதிரியே இருக்கு” என்கின்றார். இவ்விடத்துப் ‘படம்’ என்பது சினிமா. ஒரு கலைப்பொருளுக்கு அது வேறொன்றைப் போல் இருக்கின்றது என்பதே உச்சப் புகழ்ச்சியாக அமையுமாயின், அது தன்னளவில் எதனைக் கூறுகின்றது என்று கேட்க எமக்கு உரிமையுண்டு. அப்புகழ்ச்சியும் மணமக்களைச் சார்வதில்லை. கமராவின் விலையையும் கூறைச் சேலையின் கரையையும் பற்றிய விசாரணையாகவே அது பெரும்பாலும் முடிகின்றது.

இம்மாற்றம் வில்லையிலேயே தொடங்குகின்றது. பழைய குழுப்படத்தை எடுத்தவர் கமராவை முக்காலியில் நிறுத்தி, வில்லைத் துளையை 8 அல்லது 11 என்னும் எண்ணுக்கு ஒடுக்கி, முன்னால் சப்பாணி கட்டியிருக்கும் குழந்தை முதல் பின்னால் வாங்கின் மேல் ஏறி நிற்கும் இளைஞர் வரை எல்லா முகமும் தெளிவாக விழச் செய்ய முயன்றார். 120 றோலிற் சதுர வடிவில் எடுத்தால் 12 படம். 35 மில்லிமீற்றர் றோலில் 36 படம். ஆகவே ஒவ்வொரு படத்திலும் எத்தனை பேரைச் சேர்க்கலாம் என்பது அவரது கணக்காயிற்று. இன்றைய ‘கலைநய’ப் படப்பிடிப்பாளர் 85 மில்லிமீற்றர் வில்லையின் துளையை 1.4 அல்லது 1.8 வரை அகலத் திறக்கின்றார். குவியம் மணமகளின் இமைமயிரில் நிற்கின்றது. அவளுக்கு இரண்டு முழம் பின்னால் நிற்கும் பெரியம்மா வெறும் நிறத்திட்டாகின்றார். எத்தனை பேரை நீக்கலாம் என்பதே இவரது கணக்கு. கூட்டுச் சடங்கொன்று இரு தனிமனிதரின் காதற் காட்சியாக மாற்றப்படுவது இவ்வாறுதான். இங்கு தொழில்நுட்பம் மீது எமக்குக் கோபமில்லை. அதே வில்லையின் துளையை ஒடுக்கவும் முடியும்.

மங்கலான படமெல்லாம் வெறுமையானது என்று நாம் கூறவில்லை. 1858ஆம் ஆண்டு ஜனவரி 25ஆந் திகதி, விக்டோரியா மகாராணியின் மூத்த மகளுக்குத் திருமணம். சடங்குக்குப் புறப்படுமுன் தாயும் தந்தையும் மகளும் நின்று டாகரோடைப் முறையில் ஒரு படம் எடுத்துக்கொண்டனர். அதில் மகாராணியின் உருவம் கலங்கியுள்ளது. தாம் நடுங்கியமையாலேயே அவ்வாறாயிற்று என்று அவரே தமது நாட்குறிப்பில் எழுதிவைத்துள்ளார். ஏகாதிபத்தியத்தின் தலைவியிடம் எமக்கு எவ்விதப் பற்றுமில்லை. ஆயினும் மகளைப் பிரியும் தாயொருத்தியின் நடுக்கம் அத்தகட்டில் விழுந்துள்ளது. அம்மங்கலுக்குக் காரணம் உணர்ச்சி. இன்றைய மங்கலுக்குக் காரணம் வில்லை. இன்று அதே படம் எடுக்கப்பட்டிருப்பின் “கழித்துவிடுக” என்ற தொகுதியில் முதலாவதாகச் சேர்ந்திருக்கும்.

மென்குவியம் கலைக்குரியது என்ற கருத்துக்கு இந்நாட்டோடு நேரடித் தொடர்பொன்றும் உண்டு. அவ்வகைப் படங்களுக்காகத் தம் காலத்திற் போற்றவும் தூற்றவும் பட்ட ஜூலியா மார்கரட் கமரன் 1875இல் இலங்கைக்கு வந்து, 1879இல் இங்கேயே காலமாகி, பொகவந்தலாவைத் தேவாலய வளவில் அடக்கஞ் செய்யப்பட்டவர். இங்கிலாந்தில் அவர் எடுத்த டார்வின், தெனிசன், ஹேர்ஷல் ஆகியோரின் படங்கள் அவரவர் பெயராலேயே அறியப்படுகின்றன. களுத்துறையில் அவர் எடுத்த உழைக்கும் மக்களின் படங்களோ ‘விவசாயிகள் குழு’ என்ற வகையிலேயே வழங்குகின்றன. அதே களுத்துறையில் 1877இல் அவரது விருந்தினராக வந்த ஓவியர் மரியன் நோர்த்தின் படத்துக்கு மட்டும் பெயருண்டு. கமரனின் கலைத்திறனை இதனால் நாம் குறைத்து மதிப்பிடவில்லை. எவருக்குப் பெயர், எவருக்கு வெறும் அழகு என்பதைக் கலைத்திறன் தீர்மானிப்பதில்லை, அதிகாரமே தீர்மானிக்கின்றது.

பெயரும் முகமும் எமக்கு அற்ப விடயங்களல்ல. 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்தை விட்டு ஒரே இரவிற் சனம் புறப்பட்டபோது காணி உறுதி, பிறப்புச் சாட்சிப் பத்திரம் ஆகியவற்றோடு அல்பத்தையும் பையில் வைத்துக்கொண்டோர் உளர். வைக்க மறந்து பின்னர் அழுதோரும் உளர். 2009இன் பின் வன்னியில் ஒரு படந்தானும் எஞ்சாத குடும்பங்கள், வெளிநாட்டிலுள்ள உறவினரின் அல்பத்தில் தம் பிள்ளையின் முகத்தைத் தேடின. 2017 பெப்ரவரியிற் கிளிநொச்சியில் தொடங்கிய காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர் போராட்டத்தில் தாய்மார் கையில் ஏந்தியவற்றுள் அடையாள அட்டைக்கு எடுத்த படங்கள் மட்டுமல்ல, குடும்ப விழாக்களில் எடுத்தவற்றிலிருந்து வெட்டிப் பெருப்பித்த முகங்களும் உண்டு. பின்வரிசையில் நின்ற ஒருவரின் முகத்தைப் பிரித்தெடுக்க வேண்டுமாயின், அம்முகம் முதலில் தெளிவாக விழுந்திருத்தல் வேண்டும். பின்வரிசையை நிறத்திட்டாக்கும் படத்திலிருந்து எவரையும் மீட்க இயலாது.

வேறொரு பார்வையாளரும் உளர். கணவனோடோ மனைவியோடோ சென்று சேர விண்ணப்பிப்போரிடம் கனடா, பிரித்தானியா போன்ற நாடுகளின் குடிவரவுப் பகுதியினர் திருமணப் படங்களைச் சான்றாக எதிர்பார்க்கின்றனர். அவ்வதிகாரி படத்தின் ஒளியமைப்பை ரசிப்பதில்லை; தாய் தகப்பன் நிற்கின்றனரா, சபை இருக்கின்றதா, சடங்கு நடந்ததா என்றே நோக்குகின்றார். எமது கிழவிகள் விரல் வைத்துப் பார்த்த அதே பார்வையை அந்நிய அரசின் அலுவலர் சந்தேகத்தோடு பார்க்கின்றார் என்பது கசப்பான முரண். திருமணம் என்பது சாட்சியை வேண்டும் செயல். அக்கினியும் சபையும் சாட்சியாகவே நடைபெறுகின்றது; பதிவுத் திருமணத்துக்கும் இரு சாட்சிகள் வேண்டும். சாட்சிகளை அழித்துவிட்டு எடுக்கும் படம் திருமணத்தின் படமாகுமா?

படத்தினின்று மட்டுமன்றிச் சடங்கினின்றும் சபை விலக்கப்படுகின்றது. ஐயர் தாலியை எடுத்துக் கொடுத்த பின்னர் “கொஞ்சம் பொறுங்கோ” என்று ஒரு குரல் எழும். மேளம் கெட்டியாக முழங்கிக்கொண்டிருக்க மாப்பிள்ளையின் கை அந்தரத்தில் நிற்கும். அறுகரிசி இடும் முதியவர் இன்னொருமுறை இடுமாறு பணிக்கப்படுவார். மணவறையைச் சூழ்ந்து நிற்கும் முதுகுகளையே கண்டிருந்த சபையோர் ஈற்றில் மண்டபத்துத் திரையை நோக்குவர். கலியாணத்துக்கு நேரில் வந்தவர் அதனைத் திரையிற் காணும் நிலை எத்துணை கேலிக்குரியது!

மேற்கூறியவற்றுக்கு ஒரு வலுவான மறுப்புண்டு. அதனை மறைத்தல் நேர்மையன்று. இனங்காணும் பார்வை உறவினருக்கே உரியது. அந்நியனுக்குக் குழுப்படம் சலிப்பையே தரும். கலை அந்நியனோடும் பேச வேண்டுமல்லவா என்பது அது. ரோலன்ட் பார்த் ஒளிப்படம் பற்றி 1980இல் வெளியிட்ட நூலிலே தம் தாயின் சிறுவயதுப் படத்தைப் பற்றி உருக்கமாக எழுதிவிட்டு, அப்படத்தை மட்டும் அச்சிடாது விட்டார். எமக்கு அது மற்றுமொரு சாதாரண படமாகவே தோன்றும் என்பது அவர் கூறிய காரணம். இதனை நாம் ஏற்கின்றோம். ஆயின் கடற்கரையில் நிற்கும் புதிய மணமக்களின் படம் அந்நியனுக்கு எதனைக் காட்டுகின்றது? அவ்விருவரையும் நீக்கி வேறிருவரை நிறுத்தினாலும் படம் மாறாது. பேராதனைப் பூந்தோட்டத்துப் பனை வரிசைகளின் நடுவே விடுமுறை நாளொன்றில் ஒரு மணிநேரம் நின்று பார்ப்போர், ஒரே நிலையில் ஒரே சரிவில் ஒன்றன்பின் ஒன்றாகச் சோடிகள் நிறுத்தப்படுவதைக் காணலாம். யாழ்ப்பாணக் கோட்டையின் இடிந்த மதில்களும் இப்போது சேலையின் நிறத்தை எடுப்பாகக் காட்டும் பின்னணியாகிவிட்டன. அம்மதில் ஏன் இடிந்தது என்பது குவியத்துக்கு வெளியே நிற்கின்றது. குறிப்பான ஒன்றினூடாகப் பொதுமையைத் தொடுவதே கலை. இது குறிப்பானதையும் தொடவில்லை, பொதுமையையும் தொடவில்லை. பண்டமொன்றின் மாதிரியை மட்டும் காட்டுகின்றது. லயனல் வென்ற் (1900–1944) பிறந்த நாட்டில், கலை ஒளிப்படம் எத்தகையது என்பதற்கு உதாரணம் தேடி நாம் கடல் கடக்க வேண்டியதுமில்லை.

பண்டம் என்ற சொல்லைத் தெரிந்தே பயன்படுத்துகின்றோம். முன்னைய ஸ்ரூடியோக்காரரும் இலவசமாகப் படம் எடுத்தவரல்லர். ஆனால் இன்றைய ‘பக்கேஜ்’ சீதனம், மண்டபம், நகை என்ற நிரலில் மேலும் ஓர் உருப்படியாகச் சேர்ந்துள்ளது. அதன் செலவு பெண்வீட்டார் தலையிலேயே பெரிதும் விழுகின்றது. அயல்வீட்டுப் பெண்ணின் படத்தைத் தொலைபேசியிற் கண்ட தகப்பன் தன் மகளுக்கு அதனைச் செய்யாதிருக்க இயலாதவனாகின்றான். பார்வையாளரின் இதயக் குறி இவ்வாறு இன்னொரு வீட்டிற் கடனாக மாறுகின்றது. மணமகளின் நிறமும் அதிற் கூட்டிக் கொடுக்கப்படுகின்றது. நெகற்றிவ் மேற் பென்சிலால் தீட்டி முகத்தை வெளுப்பித்தோர் அக்காலத்திலும் இருந்தனர். “கறுப்பாய் விழுந்திட்டுது” என்ற முறைப்பாடு பழையது. அன்று பென்சில் முனையளவில் நின்ற பொய் இன்று ஒரு விரலசைவில் உடல் முழுவதும் பரவுகின்றது. இதற்கும் கலை என்றே பெயர்.

பழைய குழுப்படத்துக்கு நாம் கோயில் கட்டவில்லை. அதன் வரிசை நிலப்பிரபுத்துவத்தின் வரிசை. கதிரையில் யார், வாங்கில் யார், நிலத்தில் யார் என்பது பணமும் வயதும் ஆண்மையும் தீர்மானித்தவை. வெள்ளை கட்டியவரும் மேளம் அடித்தவரும் அடுப்படியில் வெந்தவரும் அதில் இடம்பெற்றது அரிது. மணமகளைப் பெற்ற தாயே விதவையாயின் விலகி நின்றாள். அவளைக் கமராவும் தேடிச் செல்லவில்லை. அன்றைய கமராவுக்கு இருட்டில் வேலை செய்வது கடினம் என்று ஒரு சாட்டாவது சொல்லலாம். இன்றைய கமராவுக்கு அடுக்களை வாசலில் எரியும் ஒரு மின்குமிழின் வெளிச்சம் போதும். அங்கு நின்று மகளின் தாலிகட்டை எட்டிப் பார்க்கும் முகத்தை எடுப்பதற்கு வேண்டிய கருவி, நேரம், கூலி அனைத்தும் அக்கலைஞரிடம் உண்டு. ஆயிரக்கணக்கிற் படம் எடுத்துக் கொடுக்கும் அவர், அவ்வாசற் பக்கம் திரும்புவதேயில்லை. திரும்புமாறு அவரை எவரும் கேட்டதுமில்லை.