பிள்ளை மீண்டும் வாசிக்க விரும்பும் பகுதி



ஞாயிறு ஆராதனையில் பிள்ளை கீபோர்டு வாசிக்க வேண்டும் என்னும் ஆசையில்தான் நம்மில் அநேகருடைய வீடுகளில் இந்தக் கல்வி தொடங்குகிறது. பின்பு மும்பையிலோ பெங்களூரிலோ ஓர் ஆசிரியரிடம் சேர்த்துவிடுகிறோம், அவர் ஏ.பி.ஆர்.எஸ்.எம். அல்லது டிரினிட்டி கிரேடு தேர்வுக்குப் பெயர் கொடுக்கச் சொல்லுகிறார். முதல் இரண்டு கிரேடுகள் ஓட்டமாய்க் கடந்துபோகின்றன. நான்காவது, ஐந்தாவது கிரேடுகள் அப்படியல்ல. அங்கே பகுதிகள் நீளுகின்றன, பயிற்சி மாதக்கணக்கில் இழுக்கிறது, பள்ளித் தேர்வுகளும் அதே நாட்களில் வந்து நெருக்குகின்றன.

என் மகள் ஐந்தாம் கிரேடுக்கு ஆயத்தமானபோது, பட்டியலில் பக்கம் குறைந்த மூன்று பகுதிகளை நானே தெரிந்தெடுத்தேன். சீக்கிரம் முடியும் என்பது என் கணக்கு. எட்டு மாதங்கள் அவற்றையே வாசித்தாள். 150-க்கு 118 மதிப்பெண், தேர்ச்சி பெற்றாள். சான்றிதழைச் சட்டமிட்டுச் சுவரில் மாட்டினேன். அதற்குப் பின்பு ஓராண்டு காலம் அவள் வீட்டிலும் சபையிலும் கீபோர்டின் முன் உட்காரவேயில்லை. காரணம் கேட்டபோது, "அந்த மூன்றில் ஒன்றாவது எனக்குப் பிடிக்குமா என்று நீங்கள் கேட்கவில்லையே, அப்பா" என்றாள்.

என் கணக்கு எங்கே பிழைத்தது என்று பின்னால் பார்த்தேன். ஏ.பி.ஆர்.எஸ்.எம். நேர்முகச் செய்முறைத் தேர்வில் பகுதி ஒன்றுக்கு 30 ஆக, மூன்றுக்கும் 90 மதிப்பெண். ஸ்கேல்களுக்கு 21, பாராத இசைக்குறிப்பை வாசிப்பதற்கு 21, செவிப்பயிற்சிக்கு 18. நூறு எடுத்தால் தேர்ச்சி. ஒரே கிரேடின் பட்டியலில் எதைத் தெரிந்துகொண்டாலும் அதே 30தான். கடினமானதற்குக் கூடுதலுமில்லை, சிறியதற்குக் குறைவுமில்லை. அப்படியானால் பிள்ளை விரும்பாத ஒன்றைத் திணிப்பதில் என்ன ஆதாயம்?

இப்போதைய பட்டியல் மூன்று பிரிவாக இருக்கிறது. முதலாவதில் விரல் வேகம் கேட்கிறவை, இரண்டாவதில் பாடுவதுபோல் இழைய வேண்டியவை, மூன்றாவதில் பல நாட்டுப் பாணிகளும் நம் காலத்து இசையும். பிரிவுக்கு ஒன்று எடுக்க வேண்டும். வேகமான விரலுள்ள பிள்ளைக்கு முதற்பிரிவில் எது கொடுத்தாலும் ஏறக்குறையப் பொருந்திவிடும். இரண்டாம் பிரிவில்தான் நிதானமாய்த் தேட வேண்டும். மெதுவாகவும் உணர்ந்தும் வாசிக்கும் பிள்ளைக்கு இது தலைகீழ்.

தேடும் விதத்தைச் சொல்லுகிறேன். பிரிவுக்கு நான்கு பகுதிகளையாவது ஆசிரியர் வாசிக்கப் பிள்ளை கேட்கட்டும். புத்தகத்தைக் காட்ட வேண்டாம், கறுப்புப் புள்ளிகளின் கூட்டத்தைக் கண்டே பிள்ளைகள் பயந்துவிடுவார்கள். மறுநாள் காலையில் குளிக்கும்போது எதை முணுமுணுக்கிறான் என்று கவனியுங்கள். பின்பு அந்தப் பகுதியின் முதல் வரியை அல்ல, மிகக் கடினமான நான்கு அளவைகளை மெதுவாக வாசித்துப் பார்க்கச் செய்யுங்கள். அங்கே கை போனால் மீதியெல்லாம் போகும். பத்து வயதுப் பிள்ளையின் கை ஒரு முழு ஆக்டேவை எட்டாமலிருக்கலாம். ஆக்டேவ்கள் நிறைந்த பகுதி அந்தக் கைக்குத் துன்பமே. வீட்டிலிருப்பது பெடலில்லாத 61 கட்டைக் கீபோர்டானால், பெடலையே நம்பியிருக்கும் மெல்லிசைப் பகுதியைத் தேர்வறையில்தான் முதன்முதலாக உள்ளபடி வாசிக்க நேரிடும். இதை ஆசிரியரிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

பட்டியல்கள் மாறிக்கொண்டேயிருக்கும்; ஆனாலும் இந்த நடுப்படியில் பிள்ளைகள் மகிழ்ந்து வாசிக்கிறவை சில உண்டு. தேர்வுப் பட்டியலில் இல்லாத காலத்திலும் இடைப்பயிற்சிக்கு இவை உதவும். பர்க்முல்லரின் நூறாம் எண் தொகுப்பில் உள்ள 25 பயிற்சிகள் பயிற்சி என்றே தோன்றாது. கபலேவ்ஸ்கியின் 'டொக்காட்டினா'வில் வலக்கை துள்ளிக்கொண்டிருக்க, ராகத்தை இடக்கை சுமக்கும்; ஓயாது துறுதுறுவென்றிருக்கும் பையன்களுக்கு இதைவிட நல்லது எனக்குத் தெரியாது. ஷூமன் 1848-இல் தம் மூத்த மகளின் ஏழாம் பிறந்தநாளுக்கென்று தொடங்கிய சிறுவர் தொகுப்பு 43 பகுதிகளாய் வளர்ந்தது. சைகோவ்ஸ்கி 1878-இல் இயற்றிய 24 சிறுவர் பகுதிகளில் 'இனிய கனவு' என்பது நடுவே ராகத்தை இடக்கைக்கு மாற்றிக்கொடுக்கும். கிளெமெண்டியின் சோனட்டினாக்கள் நல்லவையே. எல்லா வீட்டிலும் கேட்டுக் கேட்டு என் செவிதான் களைத்துவிட்டது.

இன்னொரு வாசலும் உண்டு. ஏ.பி.ஆர்.எஸ்.எம். 2020-இல் தொடங்கிய பெர்ஃபார்மன்ஸ் கிரேடில் ஸ்கேல்களும் செவிப்பயிற்சியும் இல்லை. நான்கு பகுதிகளைத் தொடர்ச்சியாக வாசித்துப் பதிவுசெய்து அனுப்ப வேண்டும். நான்காவது பிள்ளையின் சொந்தத் தெரிவாக இருக்கலாம், அந்தக் கிரேடின் தரத்துக்குக் குறையாதிருந்தால் போதும். டிரினிட்டி தேர்விலோ, பிள்ளை தானே இயற்றியதை ஒரு பகுதியாக வாசிக்கவும் இடமுண்டு.

என் மகள் பிற்பாடு 'இனிய கனவை'த் தானே தேடியெடுத்தாள். எந்தத் தேர்வுக்குமல்ல. இடக்கை ராகத்தில் இன்னும் தடுமாறுகிறாள். தடுமாறிய இடத்திலிருந்து யாரும் சொல்லாமலே மறுபடியும் தொடங்குகிறாள். சமையலறையிலிருந்து என் மனைவியும் அதையே முணுமுணுக்கிறாள்.