இலவசம்தான், பேரை மட்டும் போடுங்க!

செல்போனை எடுங்கள். செட்டிங்ஸுக்குள் புகுந்து 'அபவுட் போன்', அப்புறம் 'லீகல்' என்று தேடிக்கொண்டே போனால் 'ஓப்பன் சோர்ஸ் லைசென்ஸ்' என்று ஒன்று அகப்படும். அமுக்கிப் பாருங்கள். கல்யாண மொய் நோட்டு மாதிரி பெயர்கள் ஓடும். கட்டைவிரல் வீங்கும் வரை தள்ளினாலும் தீராது.

மொய் நோட்டு என்று சும்மா சொல்லவில்லை. எங்கள் திண்டுக்கல் பக்கம் மொய் எழுதாமல் ஒரு விசேஷம் முடியாது. யார் என்ன செய்தார்கள் என்று எழுதி வைத்தால்தானே நாளைக்குத் திருப்பிச் செய்ய முடியும்? சாஃப்ட்வேரிலும் அதே கதைதான். இன்றைக்கு யாரும் ஒரு புரோகிராமை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை தானே எழுதுவதில்லை. தேதிக் கணக்குப் போட ஒன்று, பில்லை பி.டி.எஃப். ஆக்க ஒன்று என்று உலகத்தில் யாரோ எழுதி இலவசமாக விட்டதை எடுத்துச் செருகிக்கொள்கிறார்கள். அதற்கு 'லைப்ரரி' என்று பெயர். (சந்தா கிடையாது. திருப்பித் தரவும் வேண்டாம்.)

ஆனால் கண்டிஷன் உண்டு. எம்.ஐ.டி. லைசென்ஸ் ரொம்ப சாது. எடுத்துக்கோ, மாத்திக்கோ, வித்துக் காசும் பாரு, என் காப்புரிமை வரியையும் இந்த லைசென்ஸையும் கூடவே அனுப்பு என்பதோடு சரி. ஜி.பி.எல். கறாரான மாமனார். தன்னைச் சேர்த்துக்கொண்டு வெளியிட்டால், உன் சோர்ஸ் கோடையும் இதே லைசென்ஸில் கொடு என்பார்.

நண்பன் ஒருவன் பஸ் ஸ்டாண்ட் பக்கம் மாடியில் ரெண்டு கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு, ஒட்டன்சத்திரம் காய்கறிக் கமிஷன் கடைகளுக்கு பில் போடும் சாஃப்ட்வேர் எழுதினான். கமிஷன், இறக்குக்கூலி எல்லாம் கழித்து விவசாயிக்கு எவ்வளவு என்று சொல்லிவிடும். அதை ஓப்பன் சோர்ஸாக எம்.ஐ.டி. லைசென்ஸில் விடப்போவதாகச் சொல்லி, "மாப்ளே, நீ பி.காம். தானே, இந்த லிஸ்ட்டைக் கொஞ்சம் பாரு" என்று கூப்பிட்டான். கணக்குப் படித்தவன் எந்த லிஸ்ட்டையும் சரிபார்ப்பான் என்று நாட்டில் ஒரு நம்பிக்கை!

அவன் தெரிந்து எடுத்தது 11 லைப்ரரி. அந்தப் பதினொன்றும் தங்களுக்குத் துணை வேண்டும் என்று வேறு சிலதைக் கூட்டி வந்திருந்தன. அவை இன்னும் சிலதை. சம்பந்தி வீட்டில் பத்துப் பேர் என்று சொல்லிவிட்டு ரெண்டு பஸ் வந்து நிற்குமே, அந்த மாதிரி. எண்ணினால் முந்நூறைத் தாண்டியது. அதில் பி.டி.எஃப். போடுகிற ஒன்று ஏ.ஜி.பி.எல். மாமனாருக்கே அண்ணன்! மாற்றி எழுதி நெட்டில் ஓடவிட்டால், அங்கிருந்து உபயோகிக்கிறவனுக்கும் சோர்ஸ் கோடு தரணும். இதை வயிற்றில் வைத்துக்கொண்டு மொத்தத்துக்கும் எம்.ஐ.டி. என்று போர்டு மாட்ட முடியாது. என்றைக்கோ ராத்திரி அவசரத்தில் செருகியது, எழுதி வைக்கவில்லை. வவுச்சர் இல்லாத செலவு! மார்ச் 31 ராத்திரி உட்கார்ந்து வருஷம் பூராவும் நடந்த சில்லறைச் செலவை ஞாபகத்திலிருந்து எழுதியவர்களுக்கு அவன் முகம் எப்படி இருந்திருக்கும் என்று தெரியும். அதைப் பிடுங்கிவிட்டு வேறொன்று வைத்ததில் ரிலீஸ் மூன்று வாரம் தள்ளிப் போயிற்று.

"பேர் போடலைன்னா யாருண்ணே கேக்கப் போறா?" என்றான் அவனுடைய அசிஸ்டென்ட்.

கேட்டிருக்கிறார்கள், தம்பி. அதுவும் பொம்மை ரயிலுக்காக! ராபர்ட் ஜேக்கப்சன் என்ற அமெரிக்க பௌதிகப் பேராசிரியர் மாடல் ரயில் ஓட்டுகிறவர்களுக்காக மற்றவர்களோடு சேர்ந்து ஜே.எம்.ஆர்.ஐ. என்ற சாஃப்ட்வேரை எழுதி, 'ஆர்ட்டிஸ்டிக் லைசென்ஸ்' போட்டு இலவசமாக விட்டார். மாத்யூ காட்ஸர் என்பவரின் கம்பெனி அதிலிருந்து சில ஃபைல்களை எடுத்துத் தன் சரக்கில் போட்டுக்கொண்டது. எழுதியவர்கள் பெயரும் இல்லை, காப்புரிமை வரியும் இல்லை. வழக்கு அப்பீலுக்குப் போய், 2008 ஆகஸ்டில் ஃபெடரல் சர்க்யூட் கோர்ட், சும்மா கொடுத்தாலும் நிபந்தனை நிபந்தனைதான், மீறினால் காப்புரிமைச் சட்டப்படியே கேட்கலாம் என்றது. 2010-ல் சமரசம். காட்ஸர் தரப்பு ஒரு லட்சம் டாலர் தர ஒப்புக்கொண்டது. பொம்மை ரயில் சார், பொம்மை ரயில்!

ரொம்ப ஆசைப்பட்டாலும் ஆபத்துதான். பெர்க்லி பல்கலைக்கழகத்தின் பழைய பி.எஸ்.டி. லைசென்ஸ், விளம்பரத்திலேயே தன் பெயரைச் சொல்லச் சொன்னது. மற்றவர்களும் அதைக் காப்பியடித்து அவரவர் பெயரைப் போட, 1997-ல் நெட்.பி.எஸ்.டி.யில் ரிச்சர்ட் ஸ்டால்மன் எண்ணியபோது அப்படி 75 வரிகள் இருந்தன. விளம்பரமா, கல்யாணப் பத்திரிகையா? 1999-ல் பெர்க்லியே அந்த ஷரத்தைக் கைவிட்டது.

செய்ய வேண்டியது சின்ன வேலை. லைப்ரரியைச் செருகுகிற அன்றைக்கே ஒரு வரி: பெயர், வெர்ஷன், எங்கிருந்து எடுத்தது, என்ன லைசென்ஸ், யார் காப்புரிமை. லைசென்ஸ் வாசகத்தையும் அப்படியே ஒரு காப்பி. கூட்டி வந்த துணைகளை எண்ணித் தருவதற்கென்றே புரோகிராம்கள் இருக்கின்றன. அவை தருகிற ஜாபிதாவை ஒருமுறை கண்ணால் பார்க்கணும்.

பலரும் மறப்பது தமிழ் எழுத்துருக்களை. லோஹித் தமிழ், மீரா இனிமை, நோட்டோ சான்ஸ் தமிழ் எல்லாம் ஓப்பன் ஃபான்ட் லைசென்ஸில் கிடைக்கின்றன. சாஃப்ட்வேரோடு சேர்த்து விற்கக்கூட செய்யலாம். எழுத்துருவை மட்டும் தனியாக விற்கக்கூடாது, அதன் காப்புரிமை வரியும் லைசென்ஸும் கூடவே வரணும். கோடு எழுதினவனுக்குப் பெயர் போட்டுவிட்டு, உட்கார்ந்து 'ழ'வை வளைத்தவரை விட்டுவிடுவது எந்த ஊர் நியாயம்?

இந்த ஜாபிதாவை யாருமே படிப்பதில்லை என்றும் சொல்ல முடியாது. ஸ்வீடன்காரர் டேனியல் ஸ்டென்பெர்க் எழுதிய 'கர்ல்' கார்களுக்குள்ளும் இருக்கிறது. லைசென்ஸ் வரியில் அவர் பெயரோடு இ-மெயில் முகவரியும் உண்டு. கார்த் திரையில் அதைக் கண்டுபிடித்தவர்கள், மேப் வேலை செய்யவில்லை, ரேடியோ பாடவில்லை என்று அவருக்கு மெயில் போட்டிருக்கிறார்கள்!

நண்பனின் சாஃப்ட்வேர் ஒருவழியாக ஒட்டன்சத்திரத்தில் ஒரு கமிஷன் கடையில் ஏறியது. கடைக்காரர் அந்தப் பட்டியலை ரொம்ப நேரம் தள்ளித் தள்ளிப் பார்த்தார்.

"ஏந்தம்பி, இத்தனை பேருக்கும் நான் சம்பளம் தரணுமா?"

"வேணாம்ணே. பேரை மட்டும் அழிச்சிராதீங்க."

"அழிக்கலப்பா. பில்லு தாள்ல கோணலா விழுதே, அது இதுல எவன் எழுதினது? போன் நம்பர் இருக்கா?"