நிலவைத் தொலைத்த 'மிஸ்ஸியம்மா'

உங்கள் வீட்டிலும் இப்படி நடந்திருக்கும். அம்மம்மா ஒரு பழைய படத்தைப் புகழ்ந்து தள்ளுவா. நீங்களும் மனமிரங்கிப் பக்கத்தில் போய் இருப்பீர்கள். பத்து நிமிடத்தில் கை தானாக ஃபோனைத் தேடும்.

எனக்கு அது 'மிஸ்ஸியம்மா'வோடு நடந்தது.

1955இல் எல்.வி. பிரசாத் இயக்கிய நகைச்சுவைப் படம். ஒரு ஜமீன்தார் தன் பள்ளிக்கூடத்துக்குக் கணவனும் மனைவியுமான ஆசிரியர்கள்தான் வேண்டும் என்கிறார். வேலையில்லாத ஜெமினி கணேசனும் சாவித்திரியும் தம்பதி மாதிரி நடித்து வேலையில் சேர்கிறார்கள். அவன் இந்து, அவள் கிறிஸ்தவப் பெண். விசாவுக்காகப் 'பேப்பரில்' நடந்த கல்யாணக் கதைகளைக் கேட்டு வளர்ந்த எங்களுக்கு இது சிரிப்பு மூட்டாமல் இருக்குமா?

ஆனால் எனக்குச் சிரிப்பு வரவில்லை. படத்தில் பிழை இல்லை. நாங்கள் பார்த்த கொப்பியில்தான் பிழை.

அம்மா எப்போதோ தமிழ்க் கடையில் வாங்கி வைத்த விசிடி அது. விசிடியில் மொத்தமே 352×240 புள்ளிகள்தான். அதை 1920×1080 ரிவியில் போட்டால் என்ன ஆகும்? கிட்டத்தட்டச் சதுரமாக எடுத்த படத்தை ரிவி அகலத்துக்கு இழுத்துவிட்டது. எல்லார் முகமும் பூசணிக்காய். மூலையில் கடைசிவரை ஒரு லோகோ. வசனத்தைவிட இரைச்சல் கூட. சப்டைட்டில் இல்லவே இல்லை.

இந்தப் படத்தின் பகிடியில் பாதி சாவித்திரியின் கண்ணில் இருக்கிறது. 'கணவன்' என்ற சொல்லைக் கேட்டதும் ஒரு முறைப்பு, மற்றவர்கள் திரும்பியதும் ஒரு பொய்ச் சிரிப்பு. எங்கள் கொப்பியில் அந்தக் கண்கள் இரண்டு கறுப்புப் பொட்டுகள்.

ஒளிப்பதிவு மார்கஸ் பார்ட்லி. நிலவொளியைத் திரையில் கொண்டுவருவதில் பெயர் பெற்றவர். அந்த நிலாப் பாட்டு வந்தபோது சாம்பல் கஞ்சி மாதிரி ஏதோ அசைந்தது. அம்மம்மா மெதுவாகக் கேட்டா: "நிலா எங்க பிள்ளை? நான் பாத்த படம் இதில்லை."

அந்தக் கேள்விதான் இதை எழுத வைத்தது. "பழைய படம் போர்" என்று நாங்கள் சொல்கிறோம். உண்மையில் நாங்கள் பழைய படத்தைப் பார்த்ததே இல்லை, அதன் நைந்துபோன நிழலைத்தான் பார்த்திருக்கிறோம்.

திருத்த முடியாத விஷயமும் இல்லை. 1964இல் வந்த 'கர்ண'னை டிஜிட்டலில் புதுப்பித்து 2012இல் வெளியிட்டார்கள். தியேட்டரில் சனம் கூடியது. 'மிஸ்ஸியம்மா'வுக்கு வர்ணம் பூச வேண்டாம். நல்ல பிரிண்ட் ஒன்றிலிருந்து சுத்தமான கறுப்பு வெள்ளைப் பிரதி, சரியான அளவு, நல்ல சப்டைட்டில் போதும். அப்படி ஒன்று வந்தால் காசு கொடுத்து வாங்க வேண்டியது எங்கள் பொறுப்பு. இலவசமாகக் கிடைக்கிற மங்கல் கொப்பியே போதும் என்று நாங்கள் இருந்தால், உரிமை வைத்திருப்பவர்கள் ஏன் செலவழிக்கப் போகிறார்கள்?

அதுவரை ஒரு சின்ன வேலை செய்யுங்கள். ரிவி செட்டிங்கில் போய் 4:3 என்று மாற்றுங்கள். இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை வரும், பரவாயில்லை. நான் மாற்றினேன். நிலா திரும்பி வரவில்லை. ஆனால் சாவித்திரியின் முகம் சாவித்திரியின் முகமாக வந்தது. அம்மம்மா கதிரையைக் கொஞ்சம் முன்னுக்கு இழுத்துப் போட்டா.