முறுக்கினால் கல் பறக்கும்!

நாற்காலியைக் கவிழ்த்துப் போட்டு, இரண்டு கால்களுக்கு நடுவே கொடிக்கயிற்றை நாலு சுற்று சுற்றுங்கள். கயிற்றுக்குள் ஒரு மரக்கரண்டியைச் செருகித் திருகுங்கள். விறைத்ததும் கரண்டியில் எலுமிச்சம்பழம் வைத்து, பின்னால் இழுத்து விட்டால்... ரோமானியர்களின் ஒற்றைக்கை கேடபுல்ட் ரெடி! என் பழம் தெருவைத் தாண்டி, எதிர்வீட்டு மாமி காயப்போட்ட வடகத்தில் இறங்கியது. போர் மாலை வரை நீடித்தது.

கி.பி. 70-ல் ஜெருசலேமை முற்றுகையிட்டபோது ரோமானியர்கள் வீசியது சுமார் 26 கிலோ கல். 350 மீட்டருக்கு மேல் போனதாக, அவர்கள் முகாமிலேயே இருந்த யூத வரலாற்றாசிரியர் ஜொசிஃபஸ் எழுதியிருக்கிறார். வெள்ளைக் கல் என்பதால் வருவது தெரியும். 'மகன்' வருவதாக மதில் காவலர்கள் கத்துவார்கள், ஜனங்கள் படுத்துக்கொள்வார்கள். ரோமானியர்கள் கல்லுக்குக் கறுப்பு அடித்தார்கள். அப்புறம் கத்துவதற்கு நேரமில்லை.

இந்த ராட்சசனை மறுபடி செய்ய முடியுமா? இதற்கு இரண்டு கை, இரண்டு கயிற்றுக்கட்டு. ஃபார்முலா பத்திரமாக இருக்கிறது. கல்லின் எடை எட்டு மடங்கானால் கயிறு நுழையும் துவாரம் இரு மடங்கு என்று கி.மு. மூன்றாம் நூற்றாண்டிலேயே கிரேக்கர் ஃபிலோன் கனமூலம் போட்டுவிட்டார். (கனமூலத்தைப் பத்தாவதோடு தலைமுழுகிவிட்டு பி.காம். சேர்ந்தவன் நான்.) மற்ற பாகங்களுக்கும் அந்தத் துவாரம்தான் அளவுகோல்.

1900-களின் ஆரம்பத்தில் எர்வின் ஷ்ராம் என்ற ஜெர்மன் பீரங்கிப்படை அதிகாரி அம்பு எய்யும் பொறி ஒன்று செய்தார். அம்பு சுமார் 370 மீட்டர் போனது. சபாஷ்! ஆனால் 2002-ல் பி.பி.சி. டி.வி.க்காக அதே 26 கிலோ கல்லுக்குப் பெரிய பொறி கட்டினார்கள். கல் 100 மீட்டரைக்கூடத் தொடவில்லை. மரச்சட்டம் விரிசல்விட ஆரம்பித்துவிட்டது.

அப்படியானால் ஜொசிஃபஸ் கதை விட்டாரா? கொஞ்சம் பொறுங்கள் சார். விஷயம் கயிற்றில் இருக்கிறது. ஷ்ராம் போட்டது குதிரைமுடி. பழைய ஆட்களுக்குப் பிடித்தது மிருகங்களின் தசைநார். முதுகிலும் தோளிலும் எடுக்கணும், பன்றி மட்டும் ஆகாது என்று ஹீரோன் எழுதியிருக்கிறார். அதைக் கயிறாக்கும் பக்குவம் நமக்குக் கிடைத்த புத்தகங்களில் முழுசாக இல்லை. பாட்டியின் ஊறுகாய் மாதிரிதான்: அளவு டயரியில் இருக்கும், கை இருக்காது.

காதும் வேண்டும்! இரண்டு கட்டும் ஒரே முறுக்கில் இல்லாவிட்டால் கல் கோணலாகப் போகும். அதனால் தட்டிப் பார்த்து, ஒரே ஸ்வரம் கேட்கும்வரை திருகணும். இன்ஜினீயருக்குச் சங்கீதம் தெரிய வேண்டும் என்கிறார் ரோமானியர் விட்ரூவியஸ்.

என் கொடிக்கயிற்றைத் தட்டிப் பார்த்தேன். 'டொப்' என்றது. எதிர்வீட்டு மாமி இப்போது வடகத்துக்குக் கொசுவலை போர்த்துகிறார்.