மூணடி பின்னால போங்க!

எங்க அப்பா இருபத்தெட்டு வருஷம் லேத் ஓட்டினவர். போன வருஷம் அவர் காலமானப்போ, மாலை போட ஒரு படம் தேடினோம். கிடைத்தது ஒரே ஒரு பாஸ்போர்ட் சைஸ். நீலத் திரை, இரவல் சட்டை, மிரண்ட முகம். காதில் பென்சிலும் கையில் கிரீஸுமாக மெஷின் முன்னால் நின்ற அப்பாவை யாருமே படம் எடுக்கவில்லை.

ஒரு மனிதரை அவர் புழங்கும் இடத்தோடு சேர்த்து எடுப்பது புகைப்படக் கலையில் தனி வகை. ஜெர்மனியின் ஆகஸ்ட் சாண்டர் உழவர், தொழிலாளி, வக்கீல் என்று எல்லாரையும் எடுத்தவர். 1928-ல் அவர் எடுத்த கேக் மாஸ்டர், சமையலறையில் பாத்திரத்தோடு ராஜா மாதிரி நிற்கிறார். 1929-ல் 60 படங்களோடு சாண்டரின் புத்தகம் வந்தது. 1936-ல் நாஜிகள் அதன் அச்சுத் தகடுகளை அழித்தார்கள். சாதாரண முகங்கள் சர்வாதிகாரத்தை ஏன் உறுத்தின? யோசியுங்க.

அமெரிக்கரான ஆர்னால்ட் நியூமன் 1946-ல் இசைமேதை ஸ்ட்ராவின்ஸ்கியை எடுத்த படத்தில் பியானோ மூடிதான் பெருசு. மனிதர் ஓரத்தில் சின்னதா இருக்கார். அதே நியூமன் 1963-ல், உலகப்போரில் அடிமைத் தொழிலாளரை வேலை வாங்கிய குருப் ஆலை அதிபரை அவர் ஆலையிலேயே எடுத்தார். வெளிச்சம் விழுந்த விதத்தில் முகம் பேய் மாதிரி தெரியும். ஆக, சூழல் பெருமையும் சொல்லும், குற்றமும் சாட்டும்.

"நல்ல கேமரா வேணுமே" என்பீர்கள். செல்போன் போதும். ஜன்னல் வெளிச்சத்தில் நிற்கச் சொல்லி, மூணடி பின்னால போங்க. மெஷினும் கூட வரும். ஆனால் முதலில் அனுமதி கேளுங்க. எடுத்ததை அவங்ககிட்ட காட்டுங்க. யாருடைய வறுமையும் நமக்கு வேடிக்கைப் பொருள் இல்லை.

நம்ம மலரைப் புரட்டுங்க. டை கட்டின வரிசைப் படங்கள்தான்! ஒர்க்‌ஷாப் அட்டெண்டர் அண்ணன், ஹாஸ்டல் சமையல் மாஸ்டர், வராந்தா கூட்டும் அக்கா எல்லாம் எங்கே? அடுத்த மலரில் நாலு பக்கம் அவங்களுக்கு, அவங்க இடத்திலேயே எடுத்த படங்களோடு ஒதுக்கணும். யூனியனுக்கு இது என் வேண்டுகோள்.

அதுக்கு முன்னாடி, இந்த லீவுல அப்பா அம்மா வேலை பார்க்கிற இடத்துக்கு ஒரு நடை போய் வாங்க. எனக்கு அந்த வாய்ப்பு போயிடுச்சு. உங்களுக்கு இன்னும் இருக்கு.

— மூன்றாம் ஆண்டு மாணவன், இயந்திரவியல் பிரிவு