புகைக்குழாயில் ஒரு சாட்சி

மார்க்கையன்கோட்டையிலிருந்து வந்த மடல் ஒன்றுக்கு இம்மாதப் பக்கத்தை ஒதுக்குகிறோம். நேயரிடம் இருப்பது இருபது ஆண்டுகளுக்கு முன் வாங்கிய பெட்ரோல் கார். வயலுக்கு உரம் ஏற்றுவதும் சின்னமனூர்ச் சந்தைக்குச் செல்வதும் உறவினர் வீட்டு நல்லது கெட்டதுகளுக்குப் போவதும் அதில்தான். சில வாரங்களாக முகப்புப் பலகையில் மஞ்சள் விளக்கு எரிகிறது. பெட்ரோலும் முன்னைவிட விரைவில் தீர்ந்துவிடுகிறது. பட்டறையில் கருவியை மாட்டிப் பார்த்து, ஆக்சிஜன் சென்சாரை மாற்ற வேண்டும் என்றார்களாம். சில ஆயிரம் ரூபாய் ஆகும். பழைய காருக்கு இச்செலவு தேவைதானா என்று வினவுகிறார்.

மாற்றலாம், ஆனால் பழுது சென்சாரில்தான் உள்ளது என்று தெரிந்த பிறகே மாற்ற வேண்டும் என்பது நமது விடை. பட்டறைக் கருவி காட்டும் குறியீடு பெரும்பாலும் சென்சார் சொன்ன செய்தியே. சாட்சி சொன்னது பிடிக்காததால் சாட்சியையே மாற்றுவது எந்த ஊர் நியாயம்?

இதன் வேலையைச் சுருக்கமாகக் கூறுவோம். பெட்ரோல் முற்றும் எரிய, எடையில் அதன் ஒரு பங்குக்குக் காற்று ஏறத்தாழ 14.7 பங்கு வேண்டும். இந்த அளவு பிசகாமலிருந்தால்தான் சைலன்சர் வழியிலுள்ள நச்சுநீக்கி நன்கு பணிபுரியும். சென்சாரின் உள்ளே விரல்நுனி அளவில் சிர்கோனியா என்னும் பீங்கான் உள்ளது. அதன் ஒருபுறம் புகையும் மறுபுறம் வெளிக்காற்றும் படும். இருபுறப் பிராணவாயுவின் ஏற்றத்தாழ்விலிருந்து சிறு மின்னழுத்தம் பிறக்கிறது. புகையில் பிராணவாயு மிஞ்சினால் 0.1 வோல்ட்டளவு, பெட்ரோல் மிஞ்சினால் 0.9 வோல்ட்டளவு. இதைக் கண்டு காரின் கணினி பெட்ரோலைக் கூட்டியும் குறைத்தும் விடுகிறது. ஜெர்மனியின் பாஷ் நிறுவனம் செய்த இக்கருவி 1976-இல் வால்வோ கார்களில் முதன்முதல் இடம்பெற்றது. ஈயம் இதற்குப் பகை. நம் நாடெங்கும் ஈயம் கலவாத பெட்ரோல் மட்டுமே விற்கப்படலானது 2000-ஆம் ஆண்டு பிப்ரவரியிலிருந்துதான்.

கம்பம் பள்ளத்தாக்கில் வாழ்வோருக்கு இதன் அருமை தனியாகவே விளங்கும். சின்னமனூரிலிருந்து மேகமலைக்கு ஏறினால் காற்றின் அடர்த்தி ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு குறைகிறது. கார்புரேட்டர் காலத்துக் கார்கள் அவ்வுயரத்தில் கரும்புகை கக்கித் திணறும். சென்சார் உள்ள காரோ கொண்டையூசி வளைவுகளில் ஏறும்போதே அளவைத் திருத்திக்கொள்கிறது. அது கெட்டால் கணினி உத்தேசமாகவே பெட்ரோல் விடும். அதுவும் தாராளமாகவே விடும். அந்த எரியாத பெட்ரோல் நச்சுநீக்கியில் போய் எரிந்து அதையும் உருக்கிவிடக்கூடும். அதன் விலைக்கு முன் சென்சாரின் விலை அற்பம். சென்சாரின் இணைப்பைக் கழற்றிவிட்டு ஓட்டலாம் எனச் சிலர் கூறும் யோசனையை நாம் ஏற்பதற்கில்லை.

இனிச் சோதனைக்கு வருவோம். 300 பாகை செல்சியஸுக்கு மேல் சூடேறினால்தான் சென்சார் பேசும். ஆதலால் காரை நன்றாக ஓட்டிய பின்பே பார்க்க வேண்டும். இஞ்சினைச் சற்று வேகமாக ஓடவிட்டுக் கருவியில் வோல்ட்டைக் கவனியுங்கள். நல்ல சென்சாரில் அது 0.1-க்கும் 0.9-க்குமிடையே ஓயாது ஏறியிறங்கும். 0.45-ஐ ஒட்டி அசையாது நின்றால், கம்பி அறுந்திருக்கலாம். அல்லது உள்ளே சூடேற்றும் இழையோ அதன் ஃபியூசோ போயிருக்கலாம். ஃபியூசானால் செலவு சில ரூபாய்தான்.

எப்போதும் கீழேயே நின்று "காற்று மிகுதி" என்று சொல்கிறதா? உடனே அதைப் பழிக்க வேண்டாம். ஆக்ஸிலேட்டரைச் சட்டென மிதிக்கச் சொல்லுங்கள். எண் 0.8-ஐத் தாண்டித் துள்ளினால் சென்சார் பிழைத்திருக்கிறது. அது சொல்வது உண்மையே. அப்போது தேட வேண்டிய இடங்கள் வேறு. இஞ்சினுக்குச் செல்லும் ரப்பர்க் குழாய் வெடித்திருக்கலாம். பிளக் ஒன்று சரியாகப் பொறி தராமல் மிஸ்ஸிங் இருக்கலாம். இந்த மிஸ்ஸிங் வேடிக்கையானது: எரியாத பெட்ரோலோடு பயன்படாத பிராணவாயுவும் வெளியேறுகிறது. சென்சார் பிராணவாயுவை மட்டுமே காணும். கணினி பெட்ரோல் போதவில்லை என்றெண்ணி மேலும் ஊற்றும். பிளக்கின் பிழைக்குப் பணப்பை தண்டம் கட்டுகிறது. புகைச் சான்றிதழ் தருமிடத்தில் கார்பன் மோனாக்சைடு மிகுந்திருக்க, சென்சார் மட்டும் காற்று மிகுதி என்றால், இரு சாட்சிகளும் முரண்படுகின்றன என அறிந்து காரணத்தைத் தேடலாம்.

மிதித்தும் துள்ளாவிடில், அல்லது ஆடி அசைந்து ஏறினால், கம்பியையும் இணைப்பையும் பார்த்துவிட்டு மாற்றிவிடுவதே முறை. துருப்பிடித்த மரையில் எண்ணெய் விட்டு ஊறவைத்து, இஞ்சின் இளஞ்சூட்டில் இருக்கையில் 22 மில்லிமீட்டர் ஸ்பானரால் கழற்ற வேண்டும். புதியதைக் கீழே போட்டுவிடாதீர்கள். உள்ளே இருப்பது பீங்கான். மரையில் பூசும் பசை முனையில் படலாகாது. அருகில் சிலிக்கான் பசை தடவி ஓட்டையடைப்பதும் கூடாது. அதன் ஆவி புதுச் சென்சாரையும் கெடுக்கும். பிறகு கணினியின் குறியீட்டை அழிக்கச் சொல்லுங்கள்.

ஒன்றை மட்டும் கடைசிக்கென வைத்திருந்தோம். சென்சாருக்கு முன்னுள்ள குழாயிலோ கேஸ்கெட்டிலோ ஓட்டை விழுந்தால், அதன் வழியே வெளிக்காற்று உள்ளே இழுக்கப்பட்டு "காற்று மிகுதி" என்ற பொய்ச் செய்தி பிறக்கும். அதே ஓட்டை புகையை வெளியேயும் விடும். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமில்லை, மணமில்லை. இஞ்சினருகே கசியும் அது, கண்ணாடிகளை ஏற்றிவிட்ட காருக்குள் புகுந்தால் பின்னிருக்கையில் உறங்கும் குழந்தைக்குத் தலைவலி சொல்லத் தெரியாது. குளிர்ந்த இஞ்சினை முடுக்கிய உடனே முன்புறத்தில் "டப் டப்" என்னும் ஒலி கேட்கிறதா, குழாய் இணைப்பில் கரி படிந்துள்ளதா என்று மெக்கானிக்கைப் பார்க்கச் சொல்லுங்கள். குடும்பத்தோடு மேகமலைக்கோ குமுளிக்கோ புறப்படுமுன் அந்தக் கசிவை அடைத்தாக வேண்டும். சென்சாரை அடுத்த மாதம் மாற்றினாலும் தாழ்வில்லை.